எண்பது கிராம்

என் கால் மளுக்கென்று மடங்கி நான் கல்படியில் உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், அவரையும் மறக்க விடப்போவதில்லை.

அந்த மலைப்பாதையில் அன்று எங்களுக்குப் பன்னிரண்டாவது நாள். மொத்தம் அறுநூறு கிலோமீட்டர், முப்பத்துமூன்று விடுதிகள், ஒரு விடுதியிலிருந்து அடுத்ததற்கு ஒரு நாள் நடை. நடக்க ஆசைப்பட்டது நான். பார்சல் ஆபீசில் நான் பார்சல் பிரிக்கிற மேசைக்கு எதிரே அந்தப் பாதையின் வரைபடம் ஒன்று மாட்டியிருக்கும். பத்தொன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். ஆறு வருஷம் லீவு எடுக்காமல் சேர்த்து வைத்தேன். "நானும் வரேன்" என்று அவர் சொன்னபோது சந்தோஷப்பட்டேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

அவருக்குச் சோதனைக்கூடத்தில் எடை பார்க்கிற வேலை. கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் இந்தப் பாதையை முப்பத்துநாலு நாளில் முடித்திருக்கிறாராம். நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்தாராம். "அவன் ஒரு நாள் படுத்துட்டான். நான் படுக்க மாட்டேன், முப்பத்துமூணு நாள்ல முடிச்சுக் காட்டுறேன்" என்று இவர் கிளம்பினார். அன்றைக்கே என் ஆசை அவருடைய போட்டியாகிவிட்டது.

சாப்பாட்டு மேசைமேல் தராசை வைத்து எல்லாவற்றையும் எடை போட்டார். பல் துலக்கும் பிரஷ்களின் கைப்பிடியை நறுக்கினார். துண்டைப் பாதியாகக் கிழித்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு போன் போதும் என்று என்னுடையதை அலமாரியில் பூட்டினார். என் பழைய கனமான ஷூவைத் தூக்கிப் பார்த்து, "இது ஷூவா, இரும்புப் பெட்டியா?" என்றார். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் போட்டது காகிதம் மாதிரி மெல்லிசான ஷூ. ஜோடி ஐந்நூற்று இருபது கிராம்தான் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னார். இருநூற்றைம்பது கிலோமீட்டரில் அதன் அடி தேய்ந்துவிடும் என்பதால் அதே மாதிரி இன்னொரு ஜோடியைப் பதினைந்தாவது விடுதிக்கு முன்கூட்டியே பார்சலில் அனுப்ப ஏற்பாடு. இந்தப் பாதையில் நடப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். "பார்சல் ஆபீஸ்ல இருக்கிறவ நீதானே, நீயே அனுப்பிடு" என்று அந்த வேலையையும் என் தலையில் கட்டினார். கட்டினேன், எழுதினேன், அனுப்பினேன்.

இத்தனைக்கும் சட்டைப்பையில் ஒரு குட்டித் தராசை வேறு எடுத்து வந்தார். எடையைக் குறைக்க எடை போடும் மிஷினைச் சுமந்து வந்த ஒரே ஆள் அந்தப் பாதையில் இவராகத்தான் இருப்பார். மற்ற நடையாளிகள் 'தராசு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டார், என்ன சொல்ல!

ஒவ்வொரு விடுதி வாசலிலும் ஒரு மரப்பெட்டி இருக்கும். இலவசப் பெட்டி என்பார்கள். வேண்டாததைப் போட்டுவிட்டுப் போகலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது விடுதியில் இவர் என் பையைக் குடைந்து ஒரு பாண்டேஜ் சுருளை வெளியே எடுத்தார். கணுக்காலில் சுற்றுகிற அகலமான பாண்டேஜ்.

"எண்பது கிராம். ஒன்பது நாளா பிரிக்கவே இல்ல. எதுக்கு இந்த வெட்டிச் சுமை?"

"அடிபட்டா வேணுமேங்க."

"அடிபடாம நட."

பெட்டியில் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் நான் விழுந்தேன்.

"பாண்டேஜ் எங்க?" என்று கேட்டார் பாருங்கள், கடிகாரத்தைப் பார்த்து முடித்த பிறகு. எனக்கு வலியில் கண்ணில் பொறி பறந்துகொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஒன்பதாவது விடுதி இலவசப் பெட்டில. நீங்கதான் போட்டீங்க."

உடனே துண்டை எடுத்துச் சுற்றப் பார்த்தார். பாதித் துண்டுதானே, கணுக்காலைச் சுற்றி முடிச்சுப் போட எட்டவில்லை. கடைசியில் பின்னால் வந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு தோள் கொடுத்து என்னைப் பன்னிரண்டாவது விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இவர் என் பையைத் தூக்கி வந்தார், அது எத்தனை கிலோ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே.

அந்த விடுதியை நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். விடுதிக்கு வருமுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிற அறையில் பதினாறு வருஷம் இருந்தவர். அக்கா என்று கூப்பிட்டேன், ஒட்டிக்கொண்டுவிட்டது. கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்த என் காலைப் பிடித்து அங்கே இங்கே அழுத்திப் பார்த்தார்.

"எலும்பு உடையல. தசைநார் இழுத்துக்கிச்சு. எட்டு நாள் இந்தக் காலை வேலை வாங்கக் கூடாது. மடக்காம தூக்கி வெச்சுக்கணும், ஈரத்துணி மாத்தி மாத்திப் போடணும்."

"எட்டு நாளா?" என்றார் இவர், எனக்கு முன்னால்.

"உங்களுக்கில்ல தம்பி, அவங்களுக்கு."

இவர் என் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. வியாழக்கிழமை ஜீப் வரும். ஏறி வீட்டுக்குப் போயிடு. உடம்பு ஒத்துழைக்கலன்னா அடம் பிடிக்கக் கூடாது. ரெஸ்ட் எடு. நான் போயிட்டே இருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினார். கிளம்புமுன் என் பையைப் பிரித்து உலர்ந்த பழப் பொட்டலத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்குத்தானே போறே, உனக்கெதுக்கு?" என்று விளக்கமும் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எடையில்லாத ஷூவில் துள்ளித் துள்ளிப் போனார்.

அக்காவின் சமையலறையில் ஒரு பெஞ்சு, அதற்கு எதிரே ஒரு முக்காலி. பெஞ்சில் என்னையும் முக்காலிமேல் என் காலையும் வைத்தார். சுவரில் போன். மலையில் செல்போன் எடுக்காது, அதனால் தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு விடுதிகள் ஒன்றையொன்று கூப்பிட்டு, நாளைக்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளும். அக்காவின் கை எப்போதும் மாவில் இருக்கும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பேசுவதெல்லாம் எனக்கும் கேட்கும்.

புதன்கிழமை ஆறு மணிக்கு மணி அடித்தது. அவர் குரல்தான்.

"பதிமூணாவது விடுதியிலேர்ந்து பேசறேன். நேத்து அங்க தங்கியிருந்தேனே."

"தெரியுது, சொல்லுங்க" என்று அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என் காலைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நான் தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டேன், வெட்கக்கேடு.

"நாளைக்கு ஜீப்ல எனக்கு ஒரு பார்சல் வரும். பதினஞ்சாவது விடுதிக்குப் போகணும். மறக்காம குதிரைல ஏத்திடுங்க."

"சரி. வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

போன் வைக்கப்பட்டது. அக்கா மாவை ஓங்கி இரண்டு அடி அடித்தார்.

மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. பார்சல்கள் எல்லாம் பன்னிரண்டாவது விடுதிவரைதான் ஜீப்பில் வரும். அங்கே பிரித்து, வெள்ளிக்கிழமை குதிரைமேல் ஏற்றி மேலே உள்ள விடுதிகளுக்கு அனுப்புவார்கள். அக்கா கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. மூட்டையை என் பக்கம் இழுத்துக் கவிழ்க்கச் சொன்னேன். காலை நீட்டி உட்கார்ந்தபடியே ஐம்பது பார்சலையும் விடுதிவாரியாகப் பத்து நிமிஷத்தில் பிரித்துப் போட்டேன். நாற்பத்தோராவதாக என் கையெழுத்தே என்னைப் பார்த்து முழித்தது. பெறுநர் இடத்தில் அவர் பெயர். அனுப்புநர் இடத்தில் என் பெயர்.

"ஏறலையாம்மா?" என்று ஜீப் டிரைவர் வாசலிலிருந்து கேட்டார். என் பை கதவோரம் தயாராகத்தான் இருந்தது.

"இல்லண்ணே. நான் நடந்துதான் போறேன்" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பழிவாங்க வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆறு வருஷ லீவை ஜீப்பில் ஏற்றி அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெட்டியைப் பதினைந்தாவது விடுதி மூட்டையில் என் கையாலேயே போட்டேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பார்சலைக்கூட நான் நிறுத்தி வைத்தது கிடையாது.

ஆறு மணிக்குப் பதினான்காவது விடுதியிலிருந்து கூப்பிட்டார்.

"பார்சல் வந்துச்சா?"

"வந்துச்சு தம்பி."

"அப்பாடா! என் ஷூ அடி மெழுகு மாதிரி தேய்ஞ்சு போச்சு. பதினஞ்சுக்கு மேல உடைகல் பாதை, இதைப் போட்டுக்கிட்டுப் போக முடியாது. நாளைக்குக் கண்டிப்பா ஏத்திடுங்க."

"சரி. வேற எதாவது கேக்கணுமா?" என்றார் அக்கா நிறுத்தி நிதானமாக.

நான் போன் பக்கம் காதைச் சாய்த்தேன்.

"ஆமா, கேக்கணும். பெட்டி நனையாம இருக்குமா? மழை வர்ற மாதிரி இருக்கு."

எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. அட்டைப்பெட்டி நனையக் கூடாது! நான் கிடக்கலாம்! போனை வைத்ததும் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பெட்டியை வெளிய எடுங்க. திரும்பப் பெறுகிற படிவம் ஒண்ணு குடுங்க."

பெறுநர் கையில் போய்ச் சேரும்வரை பார்சல் அனுப்பியவருக்குச் சொந்தம். எழுதிக் கொடுத்தால் எந்த இடத்திலும் நிறுத்தலாம். இந்த விதியை எத்தனையோ பேருக்கு நானே கவுண்டரில் நின்று படித்துக் காட்டியிருக்கிறேன். எனக்கே உதவும் என்று கனவிலும் நினைத்ததில்லை. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'அனுப்புநருக்கு உடல்நிலை சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"இங்க பாருங்கக்கா, உங்க முன்னாடி சொல்றேன்" என்றேன். "அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை, என் கால் எப்படி இருக்குன்னு கேட்டுட்டா போதும், அந்த நிமிஷமே ஷூ அவருக்கு. கேக்கலன்னா அங்கயே கிடக்கட்டும். முப்பத்துமூணு நாளாவது மண்ணாங்கட்டியாவது!"

அக்கா படிவத்தைப் படித்து முத்திரை குத்தினார். "நான் பொய் சொல்ல மாட்டேம்மா. நீ இருக்கியான்னு கேட்டா, இங்கதான் இருக்கான்னு சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லுங்க. அதைக் கேக்கட்டும்னுதானே உக்காந்திருக்கேன்."

வெள்ளிக்கிழமை குதிரை பெட்டியில்லாமல் போனது.

வீக்கம் வடியத் தொடங்கியதும் அக்கா ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். குதிகாலை முக்காலியில் ஊன்றி, கட்டைவிரலால் காற்றில் அ, ஆ என்று எழுத வேண்டும். கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையுமாம். இரண்டு தடவை ஒழுங்காக எழுதினேன். அப்புறம் அவரைத் திட்டி எழுத ஆரம்பித்தேன். கஞ்சப் பிசினாரி என்று எழுதினால் கணுக்கால் நன்றாகச் சுழல்கிறது. கல்லுளிமங்கன் என்று எழுதும்போதுதான் அந்த 'ளி'யில் சுரீரென்று வலித்தது. நாள் முழுக்க எழுதினேன். காற்றுக்குக் காது இருந்திருந்தால் பொத்திக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை ஆறு மணி. குரலில் சூடு ஏறியிருந்தது.

"குதிரை நேத்து ராத்திரியே வந்துடுச்சு, என் பெட்டி வரலையே!"

"அனுப்பினவங்க நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க தம்பி."

"அனுப்பினவனே நான்தாங்க!"

"பெட்டில வேற பேர் இருக்கே."

"அது என் வொய்ஃப். அவ எதுக்கு நிறுத்துறா? ஓ, வீட்டுக்குப் போய் ஆபீஸ்ல சொல்லி நிறுத்தியிருப்பா. கோவமாம் கோவம்! நான் பேசிக்கிறேன்."

பேச எங்கே போவார், வீட்டு நம்பருக்குத்தான். காலி வீட்டில் மணி அடிப்பதை நினைத்துப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லை. திங்கட்கிழமை கூப்பிட்டார்.

"என்னங்க இது அநியாயம்? மூணு நாளா சும்மா உக்காந்திருக்கேன். ரெக்கார்டு போச்சு. இங்க யார்கிட்டயும் என் சைஸ் ஷூ இல்ல. வீட்டுக்கு இருபது தடவை அடிச்சுட்டேன், எடுக்க மாட்டேங்குறா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போன் பக்கத்தில் போய் நின்றார். "தம்பி, நான் ஒண்ணு கேக்குறேன். கால் முடியாத பொம்பளை, நீங்க தனியா விட்டுட்டுப் போனவ, ரெண்டு நாளா போனை எடுக்கல. உங்களுக்குப் பயமா இல்லையா?"

இப்போதாவது, இப்போதாவது என்று நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட மாட்டாரா என்று எனக்கே தவிப்பாக இருந்தது. ஆமாம், இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

"அவளுக்கு என்ன ஆகப்போகுது? அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. அதை விடுங்க, அவ கையெழுத்து இல்லாம நீங்களா பெட்டியை அனுப்ப வழி இருக்கா, இல்லையா?"

"இல்ல தம்பி."

அக்கா போனை அணைத்துவிட்டு எனக்குக் காப்பி கலந்து கொடுத்தார். நான் அழுதேன். நன்றாக, மூக்கு ஒழுக, அக்காவின் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷனுக்கு நான் ஒரு கையெழுத்து. அழுது முடித்தபோது கோபம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் பேசவில்லை. பதினைந்தாவது விடுதிக்காரர் பேசினார். "இங்க தராசுன்னு ஒருத்தர் இருக்கார்ல, சொல்லச் சொல்லக் கேக்காம அந்தத் தேய்ஞ்ச ஷூவோட உடைகல் பாதைல ஏறிட்டார். ரெண்டு மணி நேரத்துல உள்ளங்கால் கிழிஞ்சு, ரத்தம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்திருக்கார். ஷூ ரெண்டும் வாயைப் பிளந்துடுச்சு. ஒரு வாரம் கால் ஊன்ற முடியாது."

"அடடா" என்றார் அக்கா.

"நல்லா வேணும்" என்றேன் நான்.

புதன்கிழமை காலை, சரியாக எட்டு நாள் கழித்து, அக்கா என் காலை அழுத்திப் பார்த்துவிட்டுப் புதுப் பாண்டேஜை இறுக்கிச் சுற்றினார். "மெதுவா நட. மூணு நாள் தூரத்தை நாலு நாளா எடுத்துக்கோ. வலிச்சா நின்னுடணும், ரோஷம் பார்க்கக் கூடாது."

கூடவே இன்னொரு பாண்டேஜ் சுருளையும் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியதும் எனக்கு அந்த யோசனை வந்தது. அவருடைய பெட்டியைப் பிரித்தேன். ஷூ ஜோடியை எடுத்து என் பையின் அடியில் வைத்தேன். பெட்டிக்குள் பாண்டேஜை மட்டும் போட்டு, பார்சல் ஆபீஸ் முறைப்படி ஓரம் மடித்து ஒட்டினேன்.

"ஷூவை ஏம்மா சுமக்குறே? இங்கயே கிடக்கட்டுமே" என்றார் அக்கா.

"கேட்டுட்டார்னா குடுக்கணுமேக்கா. உங்க முன்னாடி சொல்லியிருக்கேன்."

"இன்னுமா எதிர்பார்க்குறே?"

"எதிர்பார்க்கல. ஆனா சொன்ன சொல் சொன்னதுதான்."

நாலு நாள் நடந்தேன். பதின்மூன்று, பதினான்கு, அப்புறம் பதினைந்தாவது விடுதிக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிற நடையாளிகளின் கொட்டகை. கால் ஆங்காங்கே முனகியது. கம்பை ஊன்றி நின்று, அதைச் சமாதானப்படுத்தி, மறுபடி நடந்தேன். ஐந்நூற்று இருபது கிராம் முதுகில் உறுத்திக்கொண்டே வந்தது. வழி நெடுக அவரிடம் கேட்க வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதினேழு கேள்வி சேர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதினைந்தாவது விடுதி வாசலை மிதித்தேன். முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பக்கத்தில் அந்தக் குட்டித் தராசு. பார்த்ததும் ஒரு நொடி எனக்கே பாவமாக இருந்தது.

நிமிர்ந்தார். கண் அகல விரிந்தது. என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துத்தான் விரிந்தது.

"கொண்டு வந்துட்டியா! குடு, குடு!"

நான் கொடுக்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வலது காலை நீட்டி, ஷூவைக் கழற்றி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, பாண்டேஜை அவர் கண்ணெதிரே சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். கணுக்காலைச் சுற்றி இன்னும் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. மறுபடி நிதானமாகச் சுற்றினேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இதைவிட வாய்ப்பு யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது.

"இதையே குதிரைல அனுப்பியிருந்தா ஒரு வாரம் மிச்சமாயிருக்கும்" என்றார்.

பெட்டியை நீட்டினேன். பிடுங்காத குறையாக வாங்கிக் கிழித்தார். பாண்டேஜ் சுருள் உருண்டு மடியில் விழுந்தது.

"என்ன இது?"

"எண்பது கிராம். சந்தேகமா இருந்தா எடை போட்டுப் பாருங்க."

முகம் சிவந்தது. "என் ஷூ எங்க?"

"அனுப்பினவ நான். திரும்ப வாங்கிக்கிட்டேன்."

"உனக்குப் பைத்தியமா? என் கால் பாரு, எப்படிக் கிழிஞ்சிருக்குன்னு பாரு!" என்று தொட்டியிலிருந்து ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். பார்த்தேன். நன்றாகவே கிழிந்திருந்தது. வலிக்கிறதா என்று என் வாயில் வந்துவிட்டது, பழக்கதோஷம். விழுங்கிவிட்டேன். பதினேழு கேள்வியில் ஒன்றையும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஷூவை மாட்டி, பையைத் தோளில் ஏற்றினேன்.

"எங்க போறே?"

"பதினாறாவது விடுதிக்கு."

"உடைகல் பாதைலயா? நீயா?"

"என்னுது இரும்புப் பெட்டியாச்சே, தாங்கும்."

பத்து அடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏய், நில்லு. கால்... உன் கால் இப்ப எப்படி இருக்கு?"

நின்றேன். காது கேட்டது மெய்தானா என்று இருந்தது. பதினோரு நாளாக, போன் பக்கத்தில் உட்கார்ந்தும் கம்பை ஊன்றி நடந்தும் நான் காத்துக் கிடந்த கேள்வி. உடம்பெல்லாம் இளகிப் போனது. கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பையின் வாரைத் தோளிலிருந்து இறக்கினேன். கை தானாக ஜிப்புக்குப் போனது.

"பரவாயில்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே குழைவாகக் கேட்டது. "வீக்கம் போயிடுச்சு."

"நல்லா நடக்க முடியுதா?"

"முடியுதுங்க."

"அப்ப சரி. திரும்பப் பன்னெண்டு வரைக்கும் இறங்கிப் போய் அந்த ஷூவை எடுத்துட்டு வந்துடு. மூணு நாள் போக, மூணு நாள் வர. உனக்கென்ன, ரெக்கார்டா போகப்போகுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். விடுதிக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். இவர் ஒன்றும் புரியாமல் முழித்தார். ஜிப்பிலிருந்து கையை எடுத்தேன். வாரை மறுபடி தோளில் ஏற்றி இறுக்கினேன்.

"இங்க பாருங்க" என்றேன். "வெள்ளிக்கிழமைதோறும் குதிரை வருது. திரும்பும்போது ஏறி வீட்டுக்குப் போயிடுங்க. எடை பார்த்துத்தான் ஏத்துவாங்களாம், உங்களுக்கு அது பிடிக்கும். உடம்பு ஒத்துழைக்கலன்னா அடம் பிடிக்கக் கூடாது. ரெஸ்ட் எடுங்க. நான் போயிட்டே இருக்கேன்."

"ஏய்! ஏய்!" என்று கத்தினார். எழுந்திருக்க முடியாதே, தொட்டித் தண்ணீர் சிந்தியது மட்டும் கேட்டது.

உடைகல் பாதை சொன்ன மாதிரியேதான் இருந்தது. மலைச்சரிவு முழுக்கக் கத்தி மாதிரி நறுக்கு நறுக்காகக் கல். ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தேன். இரண்டு மணி நேரம் நடந்த இடத்தில் கல்லில் பழுப்பாகக் காய்ந்த சொட்டுகள் இருந்தன. அதைத் தாண்டிப் போனேன். என் இரும்புப் பெட்டி ஒரு கீறல்கூட உள்ளே விடவில்லை. சாயந்திரம் ஐந்தரைக்குப் பதினாறாவது விடுதி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கணுக்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் முழுசாக வந்திருந்தேன்.

வாசலில் இலவசப் பெட்டி. பையைக் கவிழ்த்து, அடியில் கிடந்த ஷூ ஜோடியை எடுத்து, நாடாவை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு உள்ளே வைத்தேன். முதுகு லேசாகிப் போனது. எடை குறைந்தால் சுகமாகத்தான் இருக்கிறது. அதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆறு மணிக்கு விடுதிக்காரப் பெண் போனை எடுத்துப் பதினைந்தாவது விடுதியோடு பேசினாள். "ஆமா, ஒரு அம்மா வந்து சேர்ந்துட்டாங்க. கால்ல கட்டோட... என்னது?" ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அங்க தராசுன்னு ஒருத்தர் உங்ககிட்ட பேசணுமாம்."

வாங்கினேன்.

"பன்னெண்டாவது விடுதிக்குப் பேசினேன்" என்றார். "ஷூவை நீதான் பையில எடுத்துட்டுப் போனதா அந்தம்மா சொல்றாங்க. காலையில இங்க வந்தப்பவே உன்கிட்டதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்ப எங்க?"

"இங்கதாங்க, பதினாறாவது விடுதி இலவசப் பெட்டில. ஜோடி ஐந்நூத்து இருபது கிராம், ஒரு கிராம் குறையல. எப்ப வேணா வந்து எடுத்துக்கங்க."

"நடுவுல உடைகல் பாதை இருக்கே. ஷூ இல்லாம நான் எப்படி வர்றது?"

ரிசீவரை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டேன்.